இல்லாத மயோனைஸ்

"மயோனைஸ் இல்லாம சிக்கன் சாலட் செய்ய முடியாது" என்றார் பொன்னுரங்கம்.

"அப்ப செய்யாதீங்க மாஸ்டர்" என்றார் தில்ஷாத்.

பொன்னுரங்கம் போகவில்லை. தில்ஷாத்தின் விடுதிச் சமையலறை வாசலிலேயே நின்றார்.

"செய்யாம இருக்கவும் முடியாதும்மா."

"அப்ப செய்ங்க."

ஞானம் தேடிப் போகிறவர்களுக்கு முதல் நாள் கிடைப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். பலர் இத்தோடு திரும்பிவந்து, ஞானி என்று உலகத்தில் யாரும் இல்லை என்று ஊரில் சொல்லிவிடுவார்கள். பொன்னுரங்கத்துக்கு அந்த வசதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான்.

அந்த மலை ஊரில் காபித் தோட்டக்காரர்களின் கிளப் ஒன்று உண்டு. பொன்னுரங்கம் அதன் தலைமைச் சமையற்காரர். ஞாயிறு மதியச் சாப்பாடு என்றால் அங்கே அவருடைய சிக்கன் சாலட்தான். மயோனைஸைக் கடையில் வாங்க மாட்டார். முட்டையின் மஞ்சள் கருவை அடித்துக்கொண்டே எண்ணெயைத் துளித்துளியாக விட்டுத் தானே செய்வார். அப்போது யாரும் அவரிடம் பேசக் கூடாது. பேசினால் திரிந்துவிடும் என்று நம்பினார்.

மயோனைஸ் தங்கள் ஊரில்தான் பிறந்தது என்று கடல் கடந்த தேசங்களில் சிலர் நெடுங்காலமாகச் சண்டை போடுகிறார்கள். கிளப்பில் அந்தச் சண்டைக்கு இடமே இல்லை. பொன்னுரங்கம்தான் அதைக் கண்டுபிடித்தார் என்று அங்கே எல்லோரும் நினைத்தார்கள். அவரும் மறுத்ததில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையைப் புல்வெளியில் போட்டார்கள். சாலட் வெகுநேரம் வெயில் காய்ந்தது. மறுநாள் கிளப்பின் ஆண்டுக் கூட்டம். செயலாளர் தேவசகாயம் மட்டும் வந்திருந்தார். முந்தைய நாள் அவருக்குப் பல்வலி. எதுவும் சாப்பிடவில்லை.

கூட்டத்தைத் தனியாக நடத்தி முடித்த கையோடு அவர் சமையலறைக்கு வந்தார்.

"பச்சை முட்டை இனிமே இதுக்குள்ள வரக் கூடாது. மயோனைஸ் இல்லாம சாலட் பண்ணுங்க. ஒரு மாசம் டைம். அந்த ஞாயித்துக்கிழமை கீழேயிருந்து கேட்டரிங்காரங்களையும் வரச் சொல்லியிருக்கேன். உங்க பாத்திரம் காலியாகலேன்னா, அன்னைக்கே சமையலறைச் சாவியை அவங்ககிட்ட கொடுத்துடுவோம்."

அந்தச் சமையலறையைத் தவிரப் பொன்னுரங்கத்துக்கு வேறு இடம் பழக்கமில்லை. கல்யாணத்துக்குக்கூட அரை நாள்தான் லீவு எடுத்தார். மறுநாள் காலை மனைவியை அழைத்துவந்து அடுப்பு, உரல், அலமாரி என்று ஒவ்வொன்றாக அறிமுகம் செய்துவைத்தார்.

தில்ஷாத்துக்கு அவருடைய வயதில் பாதிதான் இருக்கும். ஒருகாலத்தில் அவரிடம் வேலை பார்த்தவர். பொன்னுரங்கம் அவரை வெங்காயத்தைத் தாண்டி எதையும் தொடவிட்டதில்லை. இப்போது மலைப்பாதையின் கடைசி வளைவில் இருக்கும் விடுதியில் சமையல் முழுவதும் அவர் பொறுப்பு. கிளப் உறுப்பினர்களில் சிலர், டயரில் காற்று குறைந்ததுபோல அந்த வளைவில் வண்டியை நிறுத்துகிறார்கள் என்பது பொன்னுரங்கத்தின் காதுக்கு வந்திருந்தது.

சமையல் தொழிலில் கரண்டி பிடித்த எல்லோரும் மாஸ்டர்தான். ஆகவே இந்தக் கதையில் சீடரைத்தான் குரு மாஸ்டர் என்று கூப்பிடுகிறார். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த நாள் பொன்னுரங்கம் ஒரு கிண்ணத்தோடு வந்தார்.

தில்ஷாத் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டார்.

"இது என்ன மாஸ்டர்?"

"மயோனைஸுக்குப் பதிலா கெட்டித் தயிர். துணியில கட்டித் தொங்கவிட்டு எடுத்தது."

"மயோனைஸ் புளிக்குது" என்று கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார் தில்ஷாத்.

"அது மயோனைஸ் இல்லையே, தயிர்தானே?"

"நீங்கதான் அந்தப் பேரைச் சொன்னீங்க. நான் சொல்லலை."

பொன்னுரங்கம் திரும்பிப் போனார். வழியில் இரண்டு வளைவு தாண்டிய பிறகுதான் கோபம் வந்தது. அதற்குள் திரும்பி ஏறத் தெம்பில்லை.

அதற்கடுத்து வந்தது தேங்காய்ப்பால். அதை தில்ஷாத் மோந்து பார்த்ததோடு சரி.

"குருமா வழி தவறி வந்திருக்கு மாஸ்டர். வீட்டுல தேடுவாங்க, கொண்டுபோய் விட்டுடுங்க."

இல்லாமை என்பது ஒரு பொருளா, இல்லையா என்று தர்க்க சாஸ்திரக்காரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். மேஜைமேல் குடம் இல்லை என்றால், அந்தக் குடத்தின் இல்லாமை மேஜைமேல் இருக்கிறது என்று ஒரு கட்சி. பொன்னுரங்கம் அவர்களைப் படித்ததில்லை. ஆனால் மயோனைஸின் இல்லாமையைக் கிண்ணத்தில் போட்டு, மேலே மல்லித்தழை தூவி, மூடி போட்டு மலையேற்றிக்கொண்டிருந்தார்.

கடைசியாக முந்திரி. ஊறவைத்து, மையாக அரைத்து, கடுகும் எலுமிச்சையும் சேர்த்து, பார்வைக்கு அச்சு அசல் மயோனைஸாகவே வந்துவிட்டது. அன்று பொன்னுரங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடு. வித்தியாசம் தெரியுதான்னு சொல்லு."

தில்ஷாத் கண்ணை மூடவில்லை. சாப்பிடவும் இல்லை. கிண்ணத்தை வாங்கினார். தொட்டிப் பக்கம் போனார். சாலட் முழுவதையும் வடிதட்டில் கொட்டிக் குழாயைத் திறந்தார்.

"என்னம்மா பண்றே?"

வெள்ளை எல்லாம் ஓடிப்போயிற்று. தில்ஷாத் வடிதட்டை நன்றாக உதறி அவர் முன்னால் நீட்டினார்.

"ஒரு துண்டு எடுத்துக்கோங்க."

எடுத்துக்கொண்டார். மென்றார். இன்னும் மென்றார். வெளியே வளைவில் ஒரு லாரி வந்து, திரும்ப இடம் போதாமல் பின்னுக்குப் போய், மறுபடி முன்னுக்கு வந்து, ஒருவழியாகத் திரும்பிப் போனது. பொன்னுரங்கம் அப்போதும் மென்றுகொண்டிருந்தார்.

"தண்ணி வேணுமா மாஸ்டர்?"

விழுங்கிவிட்டுச் சொன்னார்: "சாப்பாட்டைக் கழுவுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

"கழுவினா காணாமப் போற சாப்பாட்டை நானும் இப்பத்தான் பாக்குறேன்."

பொன்னுரங்கம் வெறுங்கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனி அந்த வளைவில் காலை வைப்பதில்லை என்று முடிவு செய்தார்.

அன்று மாலை கிளப்பில் கோழி வேகவைத்தார். வெந்த துண்டுகளில் ஒன்றை எடுத்து, எதுவும் சேர்க்காமல், அப்படியே தின்று பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. ருசி பார்ப்பதென்றால் அவருக்கு மயோனைஸை ருசி பார்ப்பதுதான்.

துண்டை வெளியே போய்த் துப்பினார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள் காலை, அந்த வளைவில் மறுபடி நின்றார். கையில் கிண்ணம் இல்லை. ஒரு பை இருந்தது.

"இன்னைக்குச் சாலட் கொண்டுவரலை. பச்சைக் கோழிதான்."

"உள்ள வாங்க" என்றார் தில்ஷாத். அதுவரை பொன்னுரங்கம் அந்த வாசலைத் தாண்டியதில்லை.

"நான் செய்யிறேன். நீ பக்கத்துல இருந்து பாரு. எங்க தப்புன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன். தெரியாததைக் கேட்டுக்கிறேன்" என்று தில்ஷாத் ஒரு முறம் சின்ன வெங்காயத்தோடு உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார்.

பொன்னுரங்கம் அடுப்பைக் கூட்டி வைத்தார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. கோழித்துண்டுகள் அதில் குதித்தன.

"உப்பு போடலையே மாஸ்டர்?"

"மயோனைஸ்ல உப்பு இருக்கும்மா. இதுலயும் போட்டா கரிக்கும்."

"ம்."

தில்ஷாத் ஒரு வெங்காயம் உரித்தார். கோழி வெந்தது. அதைத் தாண்டியும் வெந்தது. பொன்னுரங்கம் துண்டுகளை வெளியே எடுத்தார்.

"ஐஸ் தண்ணி இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"உடனே ஆற வைக்கணும். சூடா இருந்தா மயோனைஸ் பிரிஞ்சு எண்ணெய் தனியா நிக்கும்."

"அப்படியா."

"நிறையப் பேருக்குத் தெரியாது" என்றார் பொன்னுரங்கம். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆள் கிடைத்து வெகு நாளாயிற்று. "அப்புறம் ஒரு சுத்தமான துணி கொடு. ஈரம் போக ஒத்தி எடுக்கணும். பொட்டு ஈரம் இருந்தாலும் மயோனைஸ் நீர்த்துப் போயிடும்."

துணி வந்தது. ஒத்தி எடுத்தார். கத்தியை எடுத்தார்.

"ஏன் இவ்வளவு பொடியா நறுக்குறீங்க?"

"பெரிசா இருந்தா மயோனைஸ் எல்லாப் பக்கமும் படியாது."

"கையால பிச்சுப் போட்டா?"

"நார் நாராப் போகும். அது மயோனைஸை உறிஞ்சிடும்." பொன்னுரங்கம் சிரித்தார். "இதெல்லாம் அப்பவே உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கணும். நீ கேட்டதே இல்லை."

"கேட்டிருந்தா?"

"சொல்லியிருக்க மாட்டேன். அது வேற."

நறுக்கி முடித்தார். அடுப்பில் கோழி வெந்த தண்ணீர் மிச்சம் இருந்தது. மஞ்சளாக, மேலே எண்ணெய் வட்டங்கள் மிதக்க, ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சமையலறை முழுவதும் மணம் அதிலிருந்துதான் வந்தது. பொன்னுரங்கம் பிடிதுணியால் பாத்திரத்தைத் தூக்கித் தொட்டியின் மேல் சாய்த்தார்.

"அதை ஏன் கொட்டுறீங்க?"

"இது எதுக்கும்மா? இந்தத் தண்ணியைக் கொண்டுபோய் மயோனைஸ்ல..."

"எந்த மயோனைஸ்ல மாஸ்டர்?"

தில்ஷாத் தலையை நிமிர்த்தாமல்தான் கேட்டார். கண்ணில் வெங்காயம்.

பாத்திரம் சாய்ந்தபடியே நின்றது. விளிம்பிலிருந்து ஒரு துளி தொட்டியில் விழுந்தது. ஆவி பொன்னுரங்கத்தின் முகத்தில் அடித்தது. அவர் முகத்தை விலக்கிக்கொள்ளவில்லை.

பிறகு மெதுவாகப் பாத்திரத்தை நிமிர்த்தி அடுப்பின்மேல் வைத்தார். பலகையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தார். உலர்ந்து, ஒரே அளவாக, சதுரம் சதுரமாகக் கிடந்தன. ஐஸ் தண்ணீரைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார்.

"இன்னொரு கோழி கிடைக்குங்களா?" என்றார்.

அந்த 'ங்க' எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று இருவருமே கவனிக்கவில்லை.

"பக்கத்துக் கடையில இருக்கு."

வாங்கிவந்தார். கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இதை எப்படி வேக வைக்கிறது?"

"எனக்கு எப்படித் தெரியும் மாஸ்டர்? உங்ககிட்ட இருந்தவரைக்கும் நான் வெங்காயத்தைத் தாண்டினதே இல்லையே."

பொன்னுரங்கம் அடுப்புப் பக்கம் திரும்பினார். உப்பு டப்பாவை எடுத்தார்.

இந்தத் தடவை அடுப்பு தணிந்து எரிந்தது. தண்ணீர் கொதிக்காமல் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. இடித்த மிளகும் தட்டிய இஞ்சியும் உள்ளே போயின. வெந்த பதம் வந்ததும் அடுப்பை அணைத்தார். கோழியை அதன் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கை பொறுக்கும் சூடு வந்தபோது எடுத்து விரலால் பிய்த்தார். எலும்புகளைத் திரும்பத் தண்ணீரில் போட்டு, தண்ணீர் கெட்டியாகச் சுண்டும்வரை காய்ச்சி வடிகட்டி, அதையே கோழியின்மேல் ஊற்றினார். எலுமிச்சை பிழிந்தார். கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டார். பிறகு ஒரு நார் எடுத்து வாயில் போட்டார்.

வாயில் இருந்ததை விழுங்காமலேயே கையை மட்டும் பின்னால் நீட்டினார். தில்ஷாத் உரித்த வெங்காயத்தை அந்தக் கையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டரிங் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கறுப்புச் சட்டை போட்டு, ஓரமாக நின்றார்கள். ஒருவர் ஜன்னல் வழியாகச் சமையலறையை அளப்பதுபோலப் பார்த்தார்.

பொன்னுரங்கம் பாத்திரத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். உள்ளே வெள்ளையாக எதுவும் இல்லை. புதினா இருந்தது. வெள்ளரி இருந்தது. பளபளவென்று கோழி இருந்தது.

"சாலட் எங்கப்பா?" என்றார் ஒரு தோட்டக்காரர்.

"அதுதாங்க."

"கலக்க மறந்துட்டியா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தார். வழக்கமாகக் கதவிடுக்கு வழியாக, யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். அன்று பார்க்கவில்லை. வடிகட்டிய சாறு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை ஒரு தம்ளரில் ஊற்றிக் குடித்தார்.

வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு பேச்சு குறைந்தது. கரண்டி பாத்திரத்தின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

செயலாளர் தேவசகாயம் உள்ளே வந்தார். கையில் தட்டு இருந்தது. தட்டில் எதுவும் இல்லை. பின்னாலேயே கறுப்புச் சட்டைக்காரர்களில் ஒருவரும் வந்து வாசலில் நின்றார். அவர் இன்னும் மென்றுகொண்டிருந்தார்.

"வேற பாத்திரத்துல மிச்சம் இருக்கா?" என்றார் செயலாளர்.

"இல்லைங்க."

"கொஞ்சம்கூட?"

"இல்லைங்க. அடுத்த வாரம் செய்யிறேன்."

செயலாளர் தட்டைத் தொட்டியில் வைத்தார். சாவியைப் பற்றி எதுவும் பேசவில்லை. போகத் திரும்பியவர் நின்றார்.

"மயோனைஸுக்குப் பதிலா இதுல என்னய்யா போட்டீங்க?"

பொன்னுரங்கம் தம்ளரைக் கீழே வைத்தார்.

"கோழி" என்றார்.