குவியாத எண்ணெய்

முன்னொரு காலத்தில், பெயர் சொல்லாமல் விட்டாலும் குறையொன்றும் வராத ஒரு நாட்டின் மன்னர், ஒருநாள் காலை களஞ்சியத்தைப் பார்வையிடப் போனார். அங்கே நெல் அளந்துகொண்டிருந்தார்கள். படி நிரம்பிய பிறகும் மேலே கூம்பாகக் குவித்து அளப்பது அந்நாட்டு வழக்கம். பக்கத்தில் எண்ணெயும் அளந்தார்கள். அது விளிம்போடு நின்றுவிட்டது.

“எண்ணெய்க்கு மட்டும் ஏன் குவியல் இல்லை?” என்று கேட்டார் மன்னர்.

களஞ்சிய அதிகாரி திருவாழிக்கு, தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. “செக்காட்டுபவர்களின் வஞ்சனை, அரசே. குவியலைத் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள்” என்றார்.

உடனே ஆணை பிறந்தது. இனி எண்ணெயையும் குவித்தே அளக்க வேண்டும். குவிக்காதவரின் செக்கு மாடு பறிமுதல்.

முதலில் அகப்பட்டவள் குருவம்மா. ஒரே மாட்டை வைத்துச் செக்காட்டிப் பிழைப்பவள். களஞ்சியத்தில் ஆறு முறை ஊற்றினாள். ஆறு முறையும் வழிந்தது. “இன்னும் ஊற்று” என்றார் திருவாழி. இரண்டு சேவகர்கள் வழுக்கி விழுந்தார்கள். கடைசியில் மாட்டை அவிழ்த்துப்போய் அரண்மனைக் கொட்டிலில் கட்டினார்கள்.

அவள் நேரே அரசவை விகடகவி சடையாண்டியின் வீட்டுக்கு ஓடினாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“எம்புட்டு ஊத்தினாலும் குவியமாட்டேங்குது சாமி! பொழுது சாயறதுக்குள்ள குவிக்காட்டி மாடு திரும்பாதாம்.”

சடையாண்டி பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டார். போன வாரம்தான் மன்னர், அரச மரத்து நிழலைச் சுருட்டி வைக்கச் சொல்லியிருந்தார். அந்த அலுப்பே இன்னும் தீரவில்லை. “இந்த அரண்மனையில ஒரு வேளைச் சோத்தை முழுசா தின்ன விடமாட்டாங்களா? சரி, அழாதே. மிச்ச எண்ணெயை எடுத்துக்கிட்டு வா.”

அவையில் திருவாழிக்கு ஒரே உற்சாகம். “குவியாவிட்டால் மாட்டோடு விகடகவியின் ஆசனமும் போகட்டும், அரசே.”

“அப்படியே ஆகட்டும்” என்றார் மன்னர்.

“சம்மதம்” என்றார் சடையாண்டி. “முதலில் அதிகாரி ஒரு படி நெல்லைத் தம் வழக்கப்படி அளக்கட்டும். எண்ணெய்க்குக் குவியல் கற்றுக்கொடுக்க வேண்டுமல்லவா?”

திருவாழி படியை மூன்று முறை தட்டி, அழுத்தி, கூம்பு வைத்தார்.

“நிறைந்துவிட்டதா?” என்று கேட்டார் சடையாண்டி.

“நிறைந்துவிட்டது.”

“இனி இடமே இல்லையா?”

“ஒரு நெல்லுக்குக்கூட இல்லை!”

சடையாண்டி ஒரு நெல்லை உச்சியில் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது. மன்னரும் தலையசைத்தார். எட்டு ஆழாக்கு கொண்ட படி அது. சடையாண்டி ஓர் ஆழாக்கு எண்ணெயை அந்த நெல்லின் மேல் மெதுவாக ஊற்றினார். ஒரு சொட்டும் வழியவில்லை. இரண்டாவது ஆழாக்கும் உள்ளே போயிற்று. மூன்றாவதும் போயிற்று. நான்காவதைத் தொடங்கியபோதுதான் விளிம்பு ஈரமாயிற்று.

மன்னர் ஆசனத்தை விட்டு இறங்கிவந்து குனிந்தார். “நிறைந்த படிக்குள் மூன்று ஆழாக்கு எப்படிப் போயிற்று?”

“நெல்லுக்கு நெல் நடுவே வெற்றிடம் இருக்கிறது, அரசே. அதை ஈடுகட்டத்தான் நம் முன்னோர் மேலே குவியல் வைத்தார்கள். எண்ணெய் மூலைமுடுக்கு ஒன்றையும் விடாது. அதன் குவியல் படிக்கு உள்ளேயே இருக்கிறது. இல்லை, இரண்டையும் ஒரே மாதிரி அளப்பதுதான் ஆணை என்றால், அதிகாரி இனி வெற்றிடமே இல்லாமல் நெல்லை அளக்கட்டும். பொழுது சாயும்வரை காத்திருக்கிறேன்.”

திருவாழி படியை இன்னொரு முறை தட்டிப் பார்த்தார். எண்ணெய்தான் வழிந்தது.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஆணை ரத்து! மாட்டை அவிழ்த்துவிடுங்கள். களஞ்சியத் தரையை அதிகாரியே அரப்புத் தூள் போட்டு எண்ணெய் போகத் தேய்க்கட்டும். சடையாண்டி, உமக்கு ஒரு படி பொற்காசு, குவித்து!”

“காசுக்கு நடுவிலும் வெற்றிடம் இருக்குமே, அரசே. அதில் நெய் ஊற்றிக் கொடுத்தால், பாதியில் விட்ட சோற்றுக்கு ஆகும்.”

மன்னர் மறுபடி சிரித்து நெய்க்கும் உத்தரவிட்டார். வாசலில் குருவம்மா மாட்டின் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“சாமி, அடுத்த வாரம் ராசா பாலைப் பார்த்தா என்ன செய்ய?”

“அவர் பார்க்கிறதுக்குள்ள வீட்டுக்குப் போ, தாயே!”