பக்கத்து வீட்டுப் பதிமூன்றான்

அணுக்கள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், வைரத்துக்குள்ளே ஓர் ஊர் இருந்தது. ஊரெல்லாம் கார்பன் அணுக்கள். ஆளுக்கு நாலு கையையும் நீட்டி அக்கம்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சுற்றாது, வம்பு பேசாது, அப்படியொரு ஒழுங்கு. நடுவில் ஒரே ஒரு வீடு ஆளில்லாமல் கிடந்தது. அதில் மின்னாள் என்ற எலக்ட்ரான் குடிவந்தாள். ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டாள், பம்பரமாய்ச் சுற்றுவாள்.

அவளுக்கு ஒரே வேலைதான். ஒளி ராசா வந்து ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போவார். திரும்பி வரும்போது அதை அப்படியே ஒப்பிக்க வேண்டும். அவளோ இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவாள். பழி மட்டும் பக்கத்து வீட்டுப் பதிமூன்றான்மேல். ஊரில் எல்லாருக்கும் எடை பன்னிரண்டு. அவனுக்கு ஒன்று கூடுதல். அதனாலோ என்னவோ, அவனுடைய அணுக்கரு மட்டும் ஆடி அசைந்து சுற்றும். சுற்றும்போதெல்லாம் இவளைப் பிடித்து மெல்ல இழுக்கும்.

அந்தத் தடியனை ஊரைவிட்டே அனுப்பச் சொல்லி ராசாவிடம் முறையிட்டாள் மின்னாள். சரி, திரும்பி வந்ததும் அனுப்பிவிடுகிறேன் என்றார் ராசா. ஆனால் இந்த முறை சொல்லைத் தொலைத்தால் இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். ஒளி வராத வீடு இருட்டில் கிடக்குமே என்று அவள் சொல்லை முணுமுணுத்துக்கொண்டே சுற்றினாள்.

ராசா போனதும் வைரம் சூடேறி ஊரே அதிர்ந்தது. சொல் நழுவத் தொடங்கியது. உதவி கேட்டாலும் பன்னிரண்டுகள் கல்லாட்டம் நின்றன. வேறு வழியில்லாமல், வெட்கத்தை விட்டுப் பதிமூன்றானிடம் மடமடவென்று ஒப்பித்தாள். அவனுக்கு ஒன்றும் ஏறவில்லை.

"அவசரப்படாதே தாயி. நான் ஒரு சுற்று வரும்போது நீ ஒரு தட்டுத் தட்டு. என் இழுப்பையே பிடிச்சுக்கோ" என்றான்.

பொறுமையே அறியாதவள் அவன் சுற்றுக்காகக் காத்திருந்து தட்டினாள். தொல்லை என்று திட்டிய அதே இழுப்பின் வழியாகத்தான் சொல் துளித்துளியாக அவனிடம் போய்ச் சேர்ந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ராசா திரும்பினார். அவருடைய பச்சை ஒளிக் கை பட்டதும் மின்னாளுக்கு நினைவில் மிச்சம் இருந்ததும் துடைத்துக்கொண்டு போயிற்று. பதறாமல், பக்கத்து வீட்டை அதே தாளத்தில் தட்டினாள். அவன் நிதானமாகத் திருப்பிக் கொடுத்தான். சிவப்பாய் மின்னிக்கொண்டு சொல்லை ஒப்பித்தாள்.

மகிழ்ந்துபோன ராசா, கேட்டபடி அவனை இப்போதே அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

"அவனை அனுப்பினால் என்னையும் அனுப்பிவிடுங்கள் ஐயா. எனக்குச் சொல்லத்தான் தெரியும். வைத்திருந்தது அவன்" என்றாள் மின்னாள்.

ராசா சிரித்து, இரண்டு பேரையும் அங்கேயே இருக்கச் சொன்னார். அன்றைக்கு ஏற்பட்ட வழக்கம்தான். இன்றும் வைரத்தில் தகவலைச் சொல்லாகச் சேமித்துவைக்க வருகிற விஞ்ஞானிகள் மின்னாளிடம்தான் சொல்கிறார்கள், மின்னாளிடம்தான் கேட்கிறார்கள். இடையில் அதைக் காத்துவைப்பது மட்டும் பதிமூன்றான்.