நாலு மைக் கச்சேரி

எங்கள் ரயில்வே காலனியை இடித்துவிட்டார்கள். அந்த நவராத்திரிக் கச்சேரி டேப் மட்டும் என்னிடம் இருக்கிறது. போட்டால் தூரத்தில் கூட்ஸ் வண்டி கூவும். மனசு அங்கே போய்விடும்.

பதிவுக்கென்று நாலு மைக் வந்திருந்தது. வைத்தா பாகவதர் நாலையும் தன் முன்னால் வைக்கச் சொன்னார்.

"அண்ணா, மிருதங்கத்துக்கு ஒண்ணாவது..." என்றார் மிருதங்கம் வாசிக்கும் இசக்கியப்பன்.

"உன் தட்டலைக் கேக்கவாடா ஜனம் வந்திருக்கு?"

ஸ்வரம் பாடும்போது தாளம் தடம்புரண்டது. பாகவதர் பாட்டை நிறுத்தினார். "மிருதங்கம் கெடுத்துடுத்து. இனி இவன் என் மேடையில ஏறப்படாது!"

"தப்பு என்னுதுன்னா ஏறலைண்ணா. டேப்பைப் போட்டுப் பாத்துடலாமே."

அங்கேயே போட்டார்கள். ஸ்வரத்துக்கு நடுவே பாகவதர் குசுகுசுத்தது, நாலு மைக்கிலும் ஏறிக் கணீரென்று வந்தது: "டேய் இசக்கி, தாளம் எங்கேடா இருக்கு? சீக்கிரம் சொல்லு!"

காலனியே சிரித்தது. இசக்கியப்பன் மட்டும் கைகட்டி நின்றார்.

"அதுக்குத்தாண்ணா ஒரு மைக் கேட்டேன். என் சத்தத்துல உங்க கேள்வி அமுங்கியிருக்கும்."

அதன் பிறகு பாகவதர் எங்கே பாடினாலும் முதல் மைக் மிருதங்கத்துக்குத்தான்.