சர்வேயரின் ரப்பர்

“பத்து மாசம் ஆச்சு மேடம். குவாண்டம்ங்கிற வார்த்தையை ஒரு தடவையாவது உங்க வாயால கேட்டிருப்பேனா?”

சர்வேயர் தில்லைவாணன் நோட்டை மேசையில் பொத்தென்று போட்டார். அணுவுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் கண்ணை மூடமாட்டேன் என்று ஐம்பது வயதில் நீண்ட விடுப்பு எடுத்து வந்த மனிதர். விடுப்பு முடிய எட்டு நாள்தான் பாக்கி.

பேராசிரியை எஸ்தர் அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். “உட்காருங்க சார்” என்றார்.

“உட்கார வரல. வெக்டார்னீங்க, போட்டேன். காம்ப்ளெக்ஸ் நம்பர்னீங்க, போட்டேன். மூணு மாசமா மேட்ரிக்ஸ். கட்டம் கட்டமா நம்பரை அடுக்கி, இதை அதால பெருக்கு, அதை இதால பெருக்குன்னு. நான் என்ன செக்குமாடா?”

“போட்டீங்களா?”

“நானூறு கணக்கு. முடிச்சுட்டு மொத்தமா காட்டுறேன்னு சொன்னேன்ல? பாத்துக்கோங்க.”

எஸ்தர் புரட்டினார். ஒவ்வொரு கணக்குக்கும் இரண்டு விடை: இதை அதால் பெருக்கி ஒன்று, வரிசை மாற்றி அதை இதால் பெருக்கி ஒன்று. இரண்டும் அச்சு அசலாக ஒன்று. அழித்து அழித்துத் தாள் பஞ்சாகியிருந்தது.

“ரெண்டும் ஒண்ணா இருக்கே சார்.”

“இருக்கணும்ல? இருபத்தேழு வருஷம் நிலம் அளந்தவன் நான். கிழக்கேருந்து அளந்தாலும் மேற்கேருந்து அளந்தாலும் ஒரே அளவு வரணும். இதுல வேற வேறயா வந்துச்சு. விடுவேனா? அழிச்சுச் சரிக்கட்டிட்டேன்.”

“நானூறையுமா?”

இப்போது கோபம் எஸ்தருக்கு. நோட்டை மூடி, அட்டை மேலே இருக்கும்படி மேசையில் வைத்தார்.

“முதல்ல நிமிர்த்துறேன். அப்புறம் வலப்பக்கம் திருப்புறேன்.”

அட்டை ஜன்னலைப் பார்த்து நின்றது.

மறுபடி பழையபடி படுக்க வைத்தார். “இப்ப முதல்ல வலப்பக்கம் திருப்புறேன். அப்புறம் நிமிர்த்துறேன்.”

அட்டை தில்லைவாணனைப் பார்த்து நின்றது.

“இதுல எந்தத் தடவை நான் தப்பு பண்ணேன் சார்?”

தில்லைவாணன் நோட்டைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். தானே ஒரு தடவை நிமிர்த்தித் திருப்பினார். பிறகு திருப்பி நிமிர்த்தினார்.

எஸ்தர் கை நீட்டினார். தில்லைவாணன் சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்துக் கொடுத்தார். அது ஜன்னல் வழியாகப் பறந்து போனது.

“அப்போ அந்த வித்தியாசம் மேடம்? நானூறு தடவை வந்துச்சே, அது என்ன?”

“அணுவுக்குள்ள நடக்குறதுக்கு அடிப்படையே அதுதான். அதைப் படிக்கத்தான் சார் லீவு போட்டு வந்தீங்க.”