கழுத்தளவுக் கருணை

கடல் ஊருக்குள் புகுந்து மணற்குடியை முழுசாக விழுங்கிவிட்டது. மிஞ்சின சனம் சட்டி பானையோடு வீரகண்ட ராஜாவின் கோட்டை வாசலில் வந்து குவிந்தது. பொழுது சாய்வதற்குள் நல்ல முடிவு வராவிட்டால் காவலர்கள் அடித்து விரட்டிவிடுவார்கள்.

முடிவெடுக்க, பக்கத்து நாட்டு ராஜாக்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். குளக்கரையில் பள்ளமாகக் கட்டின வசந்த மண்டபம். சும்மா சொல்லக்கூடாது, விருந்து அமர்க்களப்பட்டது! மந்திரி விடங்கருக்கு மட்டும் ஒரு வாய் இறங்கவில்லை. வாசலில் பேச்சியம்மை என்கிற மீனவப் பெண் கைக்குழந்தையோடு அவர் காலைப் பிடித்துக் கதறியிருந்தாள்.

பெரிய ஏப்பமாக விட்டுவிட்டு வீரகண்டர் தீர்ப்புச் சொன்னார்.

"எதிரி ராஜா வாளோடு துரத்தினால்தான் அடைக்கலம். தண்ணீர் துரத்தினால் சட்டத்தில் இடமில்லை. அடுத்த வருஷம் மறுபடி கூடிப் பேசுவோம்."

மற்ற இரண்டு தலைகளும் ஆடின.

"அடேங்கப்பா, என்ன மூளை!" என்று முணுமுணுத்தபடி விடங்கர் வெளியே போனார். குளத்து மதகைத் திறந்துவிட்டார். மண்டபத்திலிருந்து மேலே ஏற இருந்த ஒரே படியின் கம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டு, மேல்படியில் சாவகாசமாக உட்கார்ந்தார்.

தண்ணீர் குபுகுபுவென்று மண்டபத்துக்குள் பாய்ந்தது. மூன்று ராஜாக்களும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படிக்கு ஓடி வந்தார்கள்.

"யோவ் விடங்கரே, கதவைத் திறவும்!"

"திறக்கிறேன் மகாராஜா. எந்த ராஜா துரத்தினான்?"

"எவன் துரத்தணும்? தண்ணீர் வருதய்யா!"

"அடடா! அதற்குச் சட்டத்தில் இடமில்லையே."

முழங்கால் நனைந்தது. "பத்துக் குடும்பம் இருக்கட்டும்!" என்றார் வீரகண்டர். விடங்கர் காது குடைந்தார்.

இடுப்பு நனைந்தது. "ஐம்பது!"

பக்கத்து ராஜாக்களில் ஒருவர் படு குள்ளம். தண்ணீர் அவர் கழுத்துக்கு வந்தது. "பாதிப் பேருக்கு என் நாட்டில் நிலம் தருகிறேன், ஆளை விடும்!" என்று அலறினார்.

"மீதிப் பேர் எங்களுக்கு! எல்லாரும் வரட்டும்!" என்று மற்ற இருவரும் கத்தினார்கள்.

கதவு திறந்தது. மதகு மூடியது. அன்று சாயங்காலமே பேச்சியம்மைக்கு மேட்டுநிலத்தில் இடம் கிடைத்தது.

வேட்டி மாற்றிக்கொண்டு வந்த வீரகண்டர் வயிறு குலுங்கச் சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி விடங்கர் கழுத்தில் போட்டார்.

"எல்லாம் சரி. இடுப்பளவிலேயே மதகை மூடியிருக்கலாமே?"

"மூடியிருக்கலாம் மகாராஜா. இடுப்பளவில் நீங்கள் ஐம்பது குடும்பம்தானே சொன்னீர்கள்!"