வெட்டுக்காட்டு எண்ணெய்

"நான் தங்கச்சிக்குக் குடுத்தது நிலத்தைத்தானே தாயே? நிலத்துக்கு அடியில இருக்கிறதை இல்லையே?"

சாத்தையா இதைக் கேட்டபோது உமையாள் அம்மா மடத்து அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

குன்றின் அடியில் இருக்கும் அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் குரு. வயது நாற்பதுக்கு மேல் இராது. சீடர் சாத்தையா அறுபதைத் தாண்டியவர். காவி கட்டி ஒன்பது வருடம் ஆகிறது. வாசல் பெருக்குவார், தண்ணீர் சுமப்பார், முகம் சுளிக்காமல் எந்த வேலையும் செய்வார். ஆனால் யார் வந்தாலும், ஊரையும் நிலத்தையும் உதறிவிட்டு வந்த கதையைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லாமல் விடமாட்டார்.

அன்று காலை, குன்று ஏற வந்த யாரோ படித்துவிட்டுப் போட்டுப்போன செய்தித்தாளில் அவருடைய ஊர்ப்பெயர் இருந்தது. கூடவே ஒரு படம். வானத்துக்கு எழும்பிய இரும்புக் கோபுரம். அதன் பக்கத்தில் இரட்டைப் பனை.

அந்தப் பனை எந்த நிலத்தில் நிற்கிறது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வெட்டுக்காடு. உப்புப் பூத்த மண். முள் நிறைந்த உடைமரத்தைத் தவிர எதுவும் முளைக்காது. மடத்துக்கு வரும் முன் தங்கை இருளாயிக்கு அவர் எழுதிக் கொடுத்த நிலம்.

அதன் அடியில் கச்சா எண்ணெய். கடலுக்குள் போகாமல், தரையிலேயே இவ்வளவு பெரிய எண்ணெய் வளம் கிடைக்கும் என்று எவரும் நினைக்கவில்லை என்று போட்டிருந்தார்கள்.



அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எவ்வளவு ஆழம் வரைக்கும் குடுத்தீங்க?"

முழ ஆழமா? ஆள் ஆழமா? இப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே சாத்தையாவுக்கு அதுவரை தெரியாது.

"இல்ல தாயே. அவ எழுதப் படிக்கத் தெரியாதவ. ஏமாத்திருவாங்க. நான் போயி பக்கத்துல நின்னா..."

"போயிட்டு வாங்க."

"தப்பில்லையே?"

"பஸ்சுக்கு நேரமாச்சு."

ஊரை நெருங்கும்போதே அது தெரிந்தது. பட்டப்பகலில், உடைமரங்களுக்கு மேலே, ஒரு குழாயின் நுனியில் தீ எரிந்துகொண்டிருந்தது. பஸ்சில் எல்லாரும் ஒரே பக்கமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெட்டுக்காட்டைச் சுற்றி முள்கம்பி வேலி. உள்ளே லாரிகள். தரை நடுங்கிக்கொண்டே இருந்தது. அவருடைய முழங்கால் வரை அந்த நடுக்கம் ஏறியது. இரட்டைப் பனை வேலிக்கு உள்ளே போய்விட்டது.

வேலிக்கு வெளியே ஒரு மூட்டையும் ஒரு பானையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருளாயி உட்கார்ந்திருந்தாள்.

அவள் எழுந்திருக்கச் சற்று நேரமாயிற்று. தலை முழுக்க நரைத்திருந்தது. அருகில் வந்து, காவித் துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணனா?"

"நான்தான்."

"சாப்ட்டியாண்ணே?"

"காடு இப்ப யார் பேர்ல இருக்கு?"

கேட்ட குரல் தன்னுடையதுதானா என்று சாத்தையாவுக்கே சந்தேகமாக இருந்தது.

இருளாயி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எம்பேர்லதான். நீதானே எழுதிக் குடுத்த."

"என்ன சொல்றாங்க?"

"அடியில இருக்கிறது சர்க்காருக்குச் சொந்தமாம். மேல இருக்கிற தரைக்கு வாடகை தருவாங்களாம். எனக்கு ஒண்ணும் விளங்கலண்ணே. ஆராச்சும் வந்து நிக்கிறாங்க, ஏதாச்சும் சொல்றாங்க, போறாங்க." அவள் தீயைப் பார்த்தாள். "மூட்டம் போடக்கூடாதுன்னுட்டாங்க. அடுப்புகூடப் பத்தவைக்கக் கூடாதாம். அவங்க மட்டும் ராப்பகலா எரிக்கிறாங்க."

உடைமரத்தை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளே கனலவிட்டுக் கரியாக்கி விற்கும் அந்த மூட்டம்தான் அவள் பிழைப்பு. புருஷன் போன பிறகு வேறு வழி இல்லை.

அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. பஸ்சில் வரும்போதே கோத்து வைத்திருந்த பேச்சைத்தான் தொடங்கினார்.

"நீ ஒண்டிக்கட்டை. இதெல்லாம் பெரிய விவகாரம். ஒரு ஆம்பளை கூட இருந்து..."

"உனக்கு வேணுமாண்ணே?"

கோபமே இல்லை அந்தக் கேள்வியில். தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

சாத்தையாவிடம் வேறு பதில் இல்லை. ஆமாம் என்பதைத் தவிர.

இருளாயி குனிந்தாள். வேலி ஓரத்து மண்ணை ஒரு பிடி அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அந்தப் பக்கத்தில் நிலம் கைமாறும்போது அப்படிச் செய்வது வழக்கம்.

"எடுத்துக்கோண்ணே. இது வந்ததுலேருந்து எனக்குத் தூக்கமில்ல."

அவருடைய விரல்கள் மூடிக்கொண்டன.

மூட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கை இறுக்கமாக மூடியிருந்தது. நரம்பு புடைத்திருந்தது.

"வர்றேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். ஏறக்குறைய ஓடினார்.

பஸ்சில் கை திறக்கவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை டிக்கெட்டை நீட்டிவிட்டு, கடைசியில் அவர் தோளில் கிடந்த துண்டின் மடிப்பில் செருகிவிட்டுப் போனார்.

பாதி வழியில்தான் அந்த மூட்டை நினைவுக்கு வந்தது. அவள் ஏன் மூட்டை கட்டி வைத்திருந்தாள்? அவள் குடிசையும் வேலிக்கு உள்ளேதானே போயிருக்கும்?

மடத்து வாசலில் உமையாள் அம்மா நின்றிருந்தார்.

சாத்தையா மூடிய கையை நீட்டினார். மறு கையால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மண் வியர்வையில் கட்டியாகியிருந்தது.

"அவ குடுத்தா தாயே. நான் வாங்கிட்டேன். என்னையே எனக்குப் பயமா இருக்கு."

அம்மா மண்ணைப் பார்க்கவில்லை. உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். முதல் தடவை மடத்துக்கு வருகிறவர்களை உட்கார வைக்கும் பலகையைக் காட்டினார்.

"உக்காருங்க. பேரென்ன?"

"தாயே, நான்..."

"பேரு?"

"சாத்தையா."

"எந்த ஊரு?"

ஊரைச் சொன்னார்.

"சொந்தம்னு யாராச்சும் இருக்காங்களா?"

சாத்தையா அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு தங்கச்சி இருக்கா," என்றார்.

சொல்லும்போதே பலகையை விட்டு எழுந்து, பஸ் நிற்கும் பக்கம் திரும்பிவிட்டார்.