வெள்ளைக்கரட்டுச் சங்கம் டேட்டாபேஸ் வைத்த கதை

உப்பு விளைகிற இடத்தில் புத்தியும் விளையும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வெள்ளைக்கரட்டில் உப்பு மட்டும் நன்றாக விளைந்தது. அந்த உப்பளத்துத் தொழிலாளர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள், ஒரு சைக்கிள், ஒரு பதிவேடு, நாளுக்கு மூன்று தீர்மானம். சங்கத்தின் சொத்து அவ்வளவுதான்.

செயலாளர் மாசானமுத்து வீட்டுமனைப் பட்டாவுக்காகப் பதினாலு வருஷம் மனு கொடுத்தவர். ஏழு தடவை ஜெயிலுக்குப் போனவர். இன்னும் உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிச் சுவரில் சாய்த்த தகரத்துக்குக் கீழேதான் குடியிருந்தார். போன தடவை பட்டா கைக்கு வருகிற நேரத்தில், சங்கம் கொடுத்த பட்டியலில் பத்தொன்பது பேர் விட்டுப்போயிருந்தார்கள். திருப்பி அனுப்ப அரசாங்கத்துக்கு ஒரு காரணம் போதும், இவர்கள் பத்தொன்பது கொடுத்தார்கள். அந்தப் பத்தொன்பதில் மாசானமுத்துவும் ஒருவர். பட்டியலை எழுதியவரும் அவர்தான்.

"இனிமே கையெழுத்துப் பட்டியலே வேண்டாம். கம்ப்யூட்டர்ல ஏத்துவோம்" என்று தீர்மானம் போட்டார்கள். நகரத்திலிருந்து ரெஜினா என்கிற பொறியாளர் கூலி வாங்காமல் செய்துகொடுக்க வந்தார்.

"நான் டேட்டாபேஸ் செய்யறதுக்கு முன்னால, அதுல உங்களுக்கு எது ரொம்ப முக்கியம்னு சொல்லுங்க" என்று கேட்டார் ரெஜினா.

"செவப்பா இருக்கணும்" என்றார் பொருளாளர் சூசைமாணிக்கம்.

"கரண்டு போனாலும் அழியக்கூடாது" என்றார் துணைத்தலைவி பேச்சித்தாய்.

மாசானமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரு ஆளுகூட விட்டுப்போகக் கூடாது தாயி. மத்ததெல்லாம் அப்புறம்."

ரெஜினாவுக்குச் சந்தோஷம். கம்ப்யூட்டர் வர மூன்று மாதம் ஆகும், அதுவரை பதிவேட்டையே டேட்டாபேஸ் மாதிரி நடத்துங்கள் என்று நான்கு விதிகள் எழுதிக் கொடுத்தார். ஒரு விவரம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், மற்ற இடங்களில் அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு போதும். ஒவ்வொருவருக்கும் தனி எண் வேண்டும். பாதுகாப்புக்குப் பதிவேடு வெளியூரிலும் இருக்க வேண்டும். ஒரு வேலையைத் தொடங்கினால் முழுசாக முடிக்க வேண்டும். நடுவில் ஒன்று தவறினால், தொடங்கவே இல்லை என்கிற நிலைக்குத் திரும்பிவிட வேண்டும்.

ரெஜினா பஸ் ஏறினார். சங்கத்தின் செயற்குழு கூடியது.

முதலில் எண். "ஒண்ணாம் நம்பர் செயலாளருக்கு" என்றார் சூசைமாணிக்கம். மாசானமுத்துவுக்கு முகம் சிவந்தது. "ஏன் வே, சங்கத்துல மேல கீழ உண்டா? ஒண்ணாம் நம்பர் யாருக்கும் கிடையாது!" எல்லோரும் கைதட்டினார்கள். அப்படியானால் இரண்டாம் எண்காரர்தான் எல்லோருக்கும் முன்னால் நிற்பார் என்று பேச்சித்தாய் கண்டுபிடித்தார். இரண்டையும் ஒதுக்கினார்கள். மூன்று முன்னால் வந்து நின்றது. மதியச் சங்கு ஊதும்போது தொள்ளாயிரத்து நாற்பது வரை ஒதுக்கியாயிற்று, யாருக்கும் எண் கிடைத்தபாடில்லை. கடைசியில் ஒன்றாம் எண்ணைச் சங்கத்துச் சைக்கிளுக்குக் கொடுத்தார்கள். இதுவரை ஒரு பதவியும் கேட்காத ஒரே உறுப்பினர் அதுதான்.

அடுத்து, ஒரு விவரம் ஒரே இடத்தில். பெயர்கள் பதிவேட்டில் இருக்கின்றன, ஆகவே வீட்டுக் கதவுகளில் எழுதியிருந்த பெயர்களைச் சுண்ணாம்பு வைத்து அழித்தார்கள். சங்கத்தின் பெயர்ப்பலகையை இறக்கினார்கள். சங்கத்தின் பெயரும் பதிவேட்டு அட்டையில் இருக்கிறதே!

அப்போதுதான் பேச்சித்தாயின் கண் சூசைமாணிக்கத்தின் இடது கையில் விழுந்தது. அதில் 'செல்லக்கிளி' என்று மனைவியின் பெயரைப் பச்சை குத்தியிருந்தார்.

"அண்ணாச்சி, செல்லக்கிளி மதினி பேரு ரெண்டு இடத்துல இருக்கு."

எல்லோரும் அந்தக் கையை எட்டிப் பார்த்தார்கள்.

"சுண்ணாம்பு போட்டா போகுமா?" என்றார் மாசானமுத்து.

"கல்யாணமான புதுசுல ஒரு சண்டைக்கு அப்புறம் தேய்ச்சுப் பாத்தேன். போகல."

"அப்ப பதிவேட்டுல இருக்கதத்தான் அடிக்கணும்" என்றார் பேச்சித்தாய்.

"அடிச்சா ஒரு ஆளு விட்டுப்போச்சே!"

மாசானமுத்து விதித் தாளை மூன்று தடவை படித்தார். பிறகு பேனாவை எடுத்து, செல்லக்கிளியின் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் 'பார்க்க: சூசைமாணிக்கம், இடது கை' என்று எழுதினார். அன்றிலிருந்து அந்தக் கை சங்கத்தின் ஆவணம். அதை மடக்கவும், நீட்டவும், சட்டைக்குள் விடவும் செயற்குழுவின் அனுமதி தேவைப்பட்டது.

மூன்றாவது விதிதான் தலையைத் தின்றது.

"வெளியூர்லயும் இருக்கணும்னா, ரெண்டு பதிவேடு வேணும்" என்றார் சூசைமாணிக்கம்.

"ரெண்டு வெச்சா ஒரே விவரம் ரெண்டு இடத்துல வந்துரும். முதல் விதி செத்துப்போகும்" என்றார் பேச்சித்தாய்.

மாசானமுத்து கண்ணை மூடி யோசித்தார். ஜெயிலில் யோசித்த பழக்கம், கண்ணை மூடினால்தான் யோசனை வரும். "ஒரே பதிவேடு. அதை வெளியூர்ல வெச்சிருவோம். ரெண்டு விதியும் நிறைவேறிடுச்சு!"

உள்ளூரில் என்ன இருக்கும் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பதிவேட்டைக் கோவில்பட்டியில் இருக்கும் சூசைமாணிக்கத்தின் அக்கா வீட்டுக்கு அனுப்பத் தீர்மானம் ஆயிற்று. பதிவேட்டின் ஒரு பகுதி அவருடைய கையில் இருந்ததால் கையும் போக வேண்டியதாயிற்று. கை போனதால் சூசைமாணிக்கமும் போனார்.

இரண்டாவது வாரமே தாலுகா அலுவலகத்திலிருந்து தகவல் வந்துவிட்டது. பட்டா தயார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒவ்வொருவரும் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். மீதி இருந்தால் கட்டோடு மாவட்டத்துக்குத் திரும்பிப் போகும். மாசானமுத்து கோவில்பட்டிக்கும் ஆள் அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலை ஊரே கிளம்பி இரண்டு கிலோமீட்டர் நடந்து போய் அலுவலக வாசலில் நின்றது. துணை வட்டாட்சியர் தேவசகாயம் நல்ல மனிதர். அரசாங்க வேலையில் அப்படியும் சிலர் தவறுதலாகச் சேர்ந்துவிடுவார்கள்.

"பதிவேடு எங்கே?" என்று கேட்டார்.

"பத்திரமா இருக்கு சார்" என்றார் மாசானமுத்து.

"எங்கே?"

"அதைச் சொல்லிட்டா பத்திரமா இருக்காதே சார்."

அரசாங்கமே வீடு வீடாக அளந்து எழுதிய பட்டியல் தேவசகாயத்திடம் இருந்தது, அதை வைத்தே கொடுக்கத் தொடங்கினார். மாசானமுத்துவின் முறை வந்தது. காகிதத்தில் அவர் பெயர், அவர் அப்பா பெயர், இரண்டரை சென்ட். ஐம்பத்தாறு வயதில் முதன்முறையாகப் பூமியில் ஒரு துண்டு அவரை யாரென்று கேட்காமல் ஏற்றுக்கொண்டது. காகிதத்தை முகர்ந்து பார்த்தார். மடிக்க மனம் வரவில்லை.

மதியம் ஒரு மணிக்கு முன்னூற்றுப் பதினோரு பேர் வாங்கியாயிற்று. சூசைமாணிக்கம் மட்டும் வரவில்லை.

"அவருக்கு அப்புறமா வந்து கொடுக்கிறேன்" என்றார் தேவசகாயம்.

மாசானமுத்து சட்டைப்பையிலிருந்த விதித் தாளைத் தொட்டார். தொடாமல் இருந்திருக்கலாம். நடுவில் ஒன்று தவறினால், தொடங்கவே இல்லை. பட்டாவை ஒரு தடவை பார்த்தார், கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு அதை மேஜைமேல் வைத்தார்.

"தோழர்களே, எல்லாரும் திருப்பிக் கொடுங்க. ஒரு ஆளு விட்டுப்போச்சு."

பதினாலு வருஷம் போராடியவர்கள் வரிசையாக வந்து பட்டாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். தேவசகாயம் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். கடைசிப் பட்டா மேஜைக்கு வந்த அதே நிமிஷத்தில், இடது கையை உயரத் தூக்கிப் பிடித்தபடி சூசைமாணிக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

"வந்தாச்சு!" என்று குதித்தார் தேவசகாயம். "முன்னூற்றுப் பன்னிரண்டு! வாங்கிக்குங்க!"

"முடியாது சார். ரத்தாயிடுச்சு. மொதல்லேருந்து தொடங்கணும்" என்றார் மாசானமுத்து.

"தொடங்கித் தொலைங்க!"

"மொதல்ங்கிறது எங்க ஊரு சார். அங்கேருந்துதானே கிளம்பினோம்."

முன்னூற்றுப் பன்னிரண்டு பேரும் ஊருக்குத் திரும்பினார்கள். ஐந்து மணிக்குள் பட்டாக் கட்டு தீராவிட்டால் தேவசகாயத்துக்கு மெமோ. அவர் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். ஊர் எல்லையில் மாசானமுத்து ஆட்களை எண்ணினார். முன்னூற்றுப் பன்னிரண்டு. அவருக்குக் கண் கலங்கியது.

"சரியா இருக்கு! எல்லாரும் தாலுகா ஆபீசுக்குக் கிளம்புங்க!"

"யோவ், நான் இங்கேதான் நிக்கிறேன்! பட்டாவும் இங்கே இருக்கு!"

மாசானமுத்து அவரை அனுதாபத்தோடு பார்த்தார். "நீங்க இங்க இருக்கக் கூடாது சார். நாங்க இன்னும் கிளம்பவே இல்லயே, நீங்க எப்படி வந்தீங்க? ஆபீசுக்குப் போங்க, வர்றோம்."

தேவசகாயம் மணியைப் பார்த்தார். மூன்றே கால். திரும்பி நடக்கத் தொடங்கினார்.

"அப்படி இல்ல சார்" என்று பேச்சித்தாய் கூப்பிட்டார். "வந்ததே நடக்கலன்னு ஆகணும்ல? வந்த மாதிரியே பின்பக்கமா போங்க."

ஆகவே அன்று மாலை உப்பளத்துச் சாலையில் துணை வட்டாட்சியர் ஒருவர் பின்பக்கமாக நடந்து போனார். அவரைப் பார்த்தபடி முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் முன்பக்கமாக வந்தார்கள். நடுவில் ஒரு முழம் இடைவெளி. கட்டின் மேலேயே இருந்தது மாசானமுத்துவின் பட்டா. கடல்காற்று அடித்தது, அதன் மூலை படபடத்தது. மாசானமுத்து சட்டென்று கையை நீட்டினார்.

தேவசகாயத்துக்கு உயிர் வந்தது. "எடுத்துக்குங்க அண்ணாச்சி! எடுத்துக்குங்க!"

மாசானமுத்து பட்டாவை ஒரு விரலால் அழுத்திக் கட்டுக்குள் நன்றாகச் செருகினார்.

"பறந்துடப் போகுது சார், பத்திரம். ஆபீஸ் போனதும் நான் வந்து கேட்பேன், அப்ப இல்லன்னு சொல்லிடக் கூடாது."